பேய்க்கு வயசாகாது!

ஏற்காட்டுக்குப் போகும்போது முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள்ளேயே தமிழ் சினிமா வரலாற்றைக் கடந்துவிடுகிறீர்கள், தெரியுமா? சேலத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையோரம் ஒரு பழைய நுழைவு வளைவு நிற்கிறதே, அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் வாசல்! உள்ளே இப்போது ஸ்டுடியோ இல்லை, வீடுகள்தான். ஆனால் அந்த வாசல் வழியாக வெளியே வந்த படங்கள் 100-க்கும் மேல்!

ஓடிய படத்தின் பெயரை வைத்தே அடுத்த படத்தையும் ஓட்டும் வித்தை இன்றைக்கு வந்தது என்று நினைக்கிறீர்களா? இந்த மலையடிவாரத்தில் அது 1960-களிலேயே நடந்தது! 1965-ல் ‘வல்லவனுக்கு வல்லவன்’. 1966-ல் ‘இரு வல்லவர்கள்’. அதே 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’. இரண்டே வருடத்தில் மூன்று வல்லவன்! கதைக்கும் கதைக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது!

அந்த முதல் வல்லவனில் ஹீரோ யார்? அசோகன்! வில்லன்? காதல் மன்னன் ஜெமினி கணேசன்! மறுபடி படித்துப் பாருங்கள், அச்சுப் பிழை இல்லை!

அடுத்த இரண்டு வல்லவன்களும் ஜெய்சங்கர். அவரே 1970-ல் அதே கம்பெனிக்கு ‘சி.ஐ.டி. சங்கர்’ ஆனார். லண்டனுக்கு ஷான் கானரி என்றால் சேலத்துக்கு ஜெய்சங்கர்!

ஒரே படத்தில் 11 வேடம் போட்ட தமிழ் நடிகர் யார் தெரியுமா? ‘நவராத்திரி’ சிவாஜி என்பீர்கள். அது 9. ‘தசாவதாரம்’ கமல் என்பீர்கள். அது 10. 1950-லேயே 11-ஐத் தொட்டுவிட்டார் எம்.என். நம்பியார்! படம் ‘திகம்பர சாமியார்’. எடுத்தது அதே மாடர்ன் தியேட்டர்ஸ். ஒரே டிக்கெட்டில் 11 முகம் காட்டிவிட்டால் பார்ட் 2 எதற்கு?

தமிழில் முதல் இரட்டை வேடமும் இந்த ஸ்டுடியோ சரக்குதான். 1940, ‘உத்தம புத்திரன்’, பி.யு. சின்னப்பா! அந்தப் பெயரை 1958-ல் சிவாஜி வைத்துக்கொண்டார். 2010-ல் தனுஷ் வைத்துக்கொண்டார். ஒரு டைட்டில், மூன்று தலைமுறை, 70 வருடம்!

சரி, நிஜமான ‘தொடரும்’ படத்துக்கு வருவோம். தமிழின் ஆரம்பகால இரண்டாம் பாகங்களில் ஒன்று ஒரு பேயால்தான் சாத்தியமானது, தெரியுமா? ‘கல்யாணராமன்’, 1979. பல் எடுப்பான கல்யாணம் கொலையாகி, தம்பி ராமன் உடம்புக்குள் ஆவியாகப் புகுந்தார். செத்துப் போனவரை 1985-ல் மறுபடி கூட்டிவந்து ஜப்பானுக்கே அனுப்பிவிட்டார்கள். ‘ஜப்பானில் கல்யாணராமன்’!

சும்மா போகவில்லை. ஜப்பானின் சுகுபா நகரில் 1985-ல் நடந்த உலகக் கண்காட்சிக்குள்ளேயே கேமராவை வைத்துவிட்டார்கள்! ஆனாலும் முதல் பாகத்தின் வெற்றியைத் தொட முடியவில்லை. ஸ்ரீதேவிக்குப் பதில் ராதா. இயக்குநர் ஜி.என். ரங்கராஜனுக்குப் பதில் எஸ்.பி. முத்துராமன். கமலும், எழுதிய பஞ்சு அருணாசலமும், அந்த ஆவியும் மட்டும் மாறவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் அவர்கள் மாறவில்லை!

1989-ல் ‘நாளைய மனிதன்’. செத்தவனுக்கு உயிர் கொடுக்கும் கதை. அடுத்த வருடமே ‘அதிசய மனிதன்’! இரண்டுக்கும் இயக்குநர் வேலு பிரபாகரன். பார்த்தீர்களா, இங்கேயும் பிணம்தான் எழுந்து வருகிறது!

இப்போது என் கண்டுபிடிப்பைச் சொல்லிவிடுகிறேன். தமிழில் நான்கு பாகம் வரை தாக்குப்பிடித்த வரிசைகளைத் தேடினேன். சட்டென்று அகப்பட்டவை இரண்டு. ‘முனி - காஞ்சனா’. ‘அரண்மனை’. இரண்டுமே பேய்! ஹீரோவுக்கு நரைக்கிறது, ஹீரோயினுக்குக் கல்யாணமாகிறது. பேய்க்கு மேக்கப் போட்டால் போதும்!

‘காஞ்சனா 2’ இரண்டாம் பாகம்தானே என்கிறீர்களா? இல்லை, மூன்றாம் பாகம்! 2011-ல் வந்த படத்தின் முழுப்பெயர் ‘முனி 2: காஞ்சனா’. முனியை விட காஞ்சனா பெரிய ஹிட். உடனே முனியைக் கழற்றிவிட்டு காஞ்சனாவிலிருந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் கணக்கில் ‘காஞ்சனா 3’ நான்காவது படம்!

இன்னும் ஒன்று கேளுங்கள். முனி 2007. காஞ்சனா 2011. காஞ்சனா 2 2015. காஞ்சனா 3 2019. நான்கு வருடத்துக்கு ஒன்று, பிசகவே இல்லை! இந்த நான்கு வருடங்களிலும் வேறு என்ன நடந்தது தெரியுமா? கிரிக்கெட் உலகக் கோப்பை! கோப்பை மாறி மாறிப் போனது. ராகவா லாரன்ஸ் மட்டும் மாறவில்லை!

‘அரண்மனை’ இன்னும் தந்திரம். ஒவ்வொரு பாகத்துக்கும் கதை புதுசு, பங்களா புதுசு, பேய் புதுசு. பெயரும் சுந்தர்.சி-யும் மட்டும் பழசு! மூன்றாவது சுமாராகத்தான் போனது. 2024-ல் நான்காவது வந்தது. 100 கோடி வசூல் என்று செய்தி! வல்லவன் வித்தைதான், பட்ஜெட் வேறு!

பேய்ப் படம் என்றாலே நிச்சய வெற்றியா? பி. வாசுவைக் கேளுங்கள்! மலையாள ‘மணிச்சித்ரத்தாழ்’ கதையை 2004-ல் கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ ஆக்கினார். ஹிட். 2005-ல் தமிழில் ‘சந்திரமுகி’. மெகா ஹிட். அதன் பிறகு அவர் செய்த காரியம்தான் உலக அதிசயம். ஒரே கதைக்கு மூன்று மொழியில் இரண்டாம் பாகம் எடுத்தார்!

முதலில் கன்னடம், 2010 பிப்ரவரி, ‘ஆப்தரக்ஷகா’. ஹீரோ விஷ்ணுவர்தன் 2009 டிசம்பர் 30 அன்று காலமாகிவிட்டார். படம் அவர் இல்லாமல் வந்து கர்நாடகத்தையே உலுக்கியது! அதே வருடம் டிசம்பரில் தெலுங்கில் வெங்கடேஷை வைத்து ‘நாகவல்லி’. ஊத்திக்கொண்டது! 2023-ல் தமிழில் லாரன்ஸ், கங்கனா ரனாவத்தோடு ‘சந்திரமுகி 2’. மண்ணைக் கவ்வியது! அதே இயக்குநர், அதே பேய், மூன்றில் ஒன்றுதான் தேறியது. ரஜினி இல்லை, ஜோதிகா இல்லை. மிச்சம் இருந்தவர் வடிவேலு!

இசையமைப்பாளரை மாற்றினால் என்ன ஆகும்? ஒரு பட்டியலைப் பாருங்கள். ‘சந்திரமுகி’யில் வித்யாசாகர், அடுத்ததில் கீரவாணி. ‘இந்தியன்’ ஏ.ஆர். ரஹ்மான், அடுத்தது அனிருத். ‘வேலையில்லா பட்டதாரி’ அனிருத், அடுத்தது ஷான் ரோல்டன். ‘விஸ்வரூபம்’ ஷங்கர் - எசான் - லாய், அடுத்தது ஜிப்ரான். முதல் பாகத்துப் பாட்டு இன்னும் வாயில் இருக்கிறது. இரண்டாவதில் ஒன்றைப் பாடுங்கள் பார்ப்போம்!

அவசரப்படாதீர்கள், விதிவிலக்கு வருகிறது! ‘மாரி’ அனிருத். ‘மாரி 2’ யுவன். அந்த ‘ரவுடி பேபி’ பாட்டு 2020 நவம்பரில் யூடியூபில் 100 கோடி பார்வை தாண்டியது! தென்னிந்தியப் பாட்டு ஒன்று அந்த எண்ணைத் தொட்டது அதுதான் முதல் முறை. படத்துக்கு ஏன் அந்தக் கூட்டம் வரவில்லை என்று என்னைக் கேட்காதீர்கள்!

இயக்குநர் ஹரி செய்ததைப் பாருங்கள். ‘சாமி’க்கு ஹாரிஸ் ஜெயராஜ், ‘சாமி ஸ்கொயர்’ படத்துக்கு தேவி ஸ்ரீ பிரசாத். ‘சிங்கம்’ முதல் இரண்டுக்கு தேவி ஸ்ரீ பிரசாத், மூன்றாவதுக்கு ஹாரிஸ் ஜெயராஜ். ஆளை அப்படியே இடம் மாற்றிவிட்டார்!

தூத்துக்குடிப் பக்கத்து துரைசிங்கம் இந்திக்குப் போய் என்ன ஆனார் தெரியுமா? 2011-ல் ‘சிங்கம்’. 2014-ல் ‘சிங்கம் ரிட்டர்ன்ஸ்’. 2024-ல் ‘சிங்கம் அகெய்ன்’. தமிழில் மூன்று, இந்தியில் மூன்று, கன்னடத்தில் ‘கெம்பேகவுடா’ என்று இரண்டு. ஒரு சப்-இன்ஸ்பெக்டர், எட்டுப் படம்!

‘2.0’ படத்தில் ஹீரோவின் காதலி சனா எங்கே? போனில்! ‘எந்திரன்’ முழுக்க ஐஸ்வர்யா ராய். எட்டு வருடம் கழித்து போனில் குரல் மட்டும், அதுவும் டப்பிங் குரல்!

சேனாபதி தாத்தாவின் வயதைக் கணக்குப் போட்டிருக்கிறீர்களா? நேதாஜி படையில் துப்பாக்கி தூக்கியவர். 2024-ல் ‘இந்தியன் 2’ வந்தபோது 100-ஐத் தாண்டியிருக்க வேண்டும்! தாண்டியும் வர்ம அடி அடித்தார்! 28 வருடம் காத்திருந்த படம், ரிலீஸான சில நாளிலேயே சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது!

அதே படத்தில் விவேக் பேசுகிறார், நெடுமுடி வேணு வருகிறார். இருவரும் காலமானது 2021-ல். படம் வந்தது 2024-ல்!

இடைவெளி என்றால் இன்னும் இருக்கிறது. ‘புலன் விசாரணை’ 1990, இரண்டாவது 2015. அதே ஆர்.கே. செல்வமணி, ஆனால் விஜயகாந்த் இடத்தில் பிரசாந்த். 25 வருடம்! ‘மணல் கயிறு’ 1982, இரண்டாவது 2016. 34 வருடம்! ‘நீயா?’ 1979, ‘நீயா 2’ 2019. 40 வருடம்! கடைசி ஜோடியில் பெயரும் பாம்பும்தான் பொது. பாம்புக்கும் வயசாகாது போல!

இனி வருவது எனக்கே தூக்கம் கெடுத்த தகவல். 1986 மே மாதம் அமெரிக்காவில் ‘டாப் கன்’ ரிலீஸ். அதே 1986, அதே மே மாதம் தமிழ்நாட்டில் ‘விக்ரம்’ ரிலீஸ்! 36 வருடம் இரண்டுமே சும்மா கிடந்தன. 2022 மே 27-ல் டாம் குரூஸ் ‘டாப் கன்: மேவரிக்’ படத்தோடு வந்தார். ஜூன் 3-ல் கமல் ‘விக்ரம்’ படத்தோடு வந்தார். ஒரே ஒரு வாரம்தான் வித்தியாசம்! இரண்டுமே கல்லா கட்டின!

பழைய ‘விக்ரம்’ எழுத்து சுஜாதா. கதை நடக்கும் நாட்டின் பெயர் சலாமியா. உலக வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது! புதிய ‘விக்ரம்’ எடுத்த லோகேஷ் கனகராஜ் பிறந்ததே பழைய படம் வந்த 1986-ல்தான்!

சூர்யா கடைசி சில நிமிடம் ரோலக்ஸ் என்ற பெயரில் வந்தார். படம் ஓடியதும் கமல் அவருக்குக் கட்டிவிட்டது? நிஜ ரோலக்ஸ் வாட்ச்!

அரசியல் அல்வா தெரியுமா? ‘அமைதிப்படை’, 1994. சத்யராஜின் அமாவாசை 2013-ல் ‘நாகராஜ சோழன் எம்.ஏ., எம்.எல்.ஏ.’ ஆகத் திரும்பினார். அது இயக்குநர் மணிவண்ணனுக்கு 50-வது படம். மே மாதம் படம் வந்தது. ஜூன் மாதம் அவர் காலமானார்.

மறுபடி சேலத்துக்கு வாருங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் ‘பாலன்’, 1938. எடுத்தது யார்? மாடர்ன் தியேட்டர்ஸ் அதிபர் டி.ஆர். சுந்தரம்! மலையாள சினிமா வாய் திறந்ததே சேர்வராயன் மலையடிவாரத்தில்தான். சேலத்துக்காரர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்!

அந்த மலையாளத்தில்தான் இரண்டாம் பாகங்களுக்கெல்லாம் தாத்தா இருக்கிறார். மம்மூட்டியின் சி.பி.ஐ. அதிகாரி சேதுராம ஐயர்! 1988, 1989, 2004, 2005, 2022. ஐந்து படம், 34 வருடம். ஐந்துக்கும் இயக்குநர் கே. மது. ஐந்துக்கும் எழுத்து எஸ்.என். சுவாமி. ஆளே மாறவில்லை! ஜேம்ஸ் பாண்டுக்கு எத்தனை முகம் மாற்றினார்கள் என்று எண்ணிப் பாருங்கள்!

2012-ல் பெரும் விபத்தில் சிக்கிய நடிகர் ஜெகதி ஸ்ரீகுமார், 2022-ல் ஐந்தாம் பாகத்திலும் வந்தார். அந்த வரிசையில் அவர் பாத்திரத்தின் பெயர் என்ன தெரியுமா? விக்ரம்!

விக்ரம் என்றதும் ஏற்காட்டுக்காரர்களுக்கு ஞாபகம் வருபவர் வேறு ஒருவர். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியில் படித்து 1983-ல் வெளியே வந்த கென்னடி. உலகம் அறிந்த பெயர் சியான் விக்ரம்! ஏரிக்கரையில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டே இதைச் சொல்லிப் பாருங்கள், பக்கத்தில் இருப்பவர் நம்ப மாட்டார்!

2024 ஆகஸ்ட் 15. விக்ரமின் ‘தங்கலான்’ ரிலீஸ். அதே நாளில் மோத வந்தது எது? ‘டிமான்ட்டி காலனி 2’! ஒன்பது வருடம் கழித்து வந்த இரண்டாம் பாகம். அதே அருள்நிதி, அதே இயக்குநர் அஜய் ஞானமுத்து. வசூலில் சக்கைப் போடு போட்டது. பேய் மறுபடி ஜெயித்தது!

விக்ரமுக்கும் இரண்டாம் பாகத்துக்கும் ஜாதகப் பொருத்தம் விநோதமானது. 15 வருடம் கழித்து ‘சாமி ஸ்கொயர்’ எடுத்தார்கள். திரிஷா இல்லை. அதே புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ்! அப்பாவும் விக்ரம், மகனும் விக்ரம். அப்படியும் எடுபடவில்லை!

‘பொன்னியின் செல்வன்’ வேறு ரகம். இரண்டு பாகத்தையும் சேர்த்தே எடுத்து, 2022 செப்டம்பர் 30-ல் ஒன்று, 2023 ஏப்ரல் 28-ல் ஒன்று. இடைவெளி வெறும் ஏழே மாதம்! ஆதித்த கரிகாலன் நம்ம ஏற்காடு மாணவர்தான். இரண்டாவதன் வசூல் முதலாவதைத் தொடவில்லை. கல்கி கதையில் அடுத்தது என்ன என்று பாதித் தமிழ்நாட்டுக்கு 1950-களிலேயே தெரியுமே!

கடைசியாக ஒன்று. 2025 மார்ச் 27. ‘வீர தீர சூரன்’ ரிலீஸ். ஹீரோ அதே விக்ரம். போஸ்டரில் என்ன போட்டிருந்தார்கள்? பாகம் 2! ஜனங்கள் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள், ரசித்தார்கள். பாகம் 1 எப்போது வந்தது என்று தேடுகிறீர்களா? தேடாதீர்கள். அன்றைக்கு அதை எடுக்கவே இல்லை!