உள்ளூராட்சியும் ஊழியர் அனுபவமும்

ஓர் ஊரின் வடிகால் எவ்விடத்தில் அடைபடும், எந்தக் கிணறு கோடையில் வற்றும் என்பன கோவைகளில் முழுமையாகப் பதிவாவனவல்ல; நீண்டகாலம் பணியாற்றிய ஊழியரின் அறிவில் நிலைத்திருப்பன. அவ்வறிவைப் பேணுதல் உள்ளூராட்சியின் அடிப்படைப் பிரச்சினைகளுள் ஒன்றாகும்.

இலங்கையில் 1945ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உள்ளூராட்சிச் சேவையை உருவாக்கியது. அச்சேவைக்குரிய பதவிகளின் நியமனமும் இடமாற்றமும் தனித்தனிச் சபைகளிடமிருந்து ஓர் ஆணைக்குழுவின் பொறுப்பாயின. இதனால் உத்தியோகத்தர், தவிசாளரின் விருப்புவெறுப்புகளிலிருந்து ஓரளவு பாதுகாப்புப் பெற்றனர். ஆயின், பயிற்றுவிக்கும் சபை ஒன்று, பயன்பெறும் சபை வேறொன்று என்னும் முரண்பாடும் உடன் தோன்றியது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையடுத்து ஆளணி அதிகாரம் மாகாண மட்டத்தை அடைந்தபோதும் இம்முரண்பாடு தீரவில்லை.

அமைப்பு மாற்றங்களும் இதிற் பங்குகொண்டன. 1981இல் கிராம சபைகளும் பட்டின சபைகளும் ஒழிந்தன. பிரதேச சபைகளுக்கான முதல் தேர்தல் 1991இலேயே நடைபெற்றது. தெரிவுசெய்யப்பட்ட மன்றம் இல்லாத இடைக்காலத்தில் ஊரறிவைத் தாங்கி நின்றோர் ஊழியரே.

எனவே, பயிற்சி வகுப்புகள் மட்டும் தீர்வாகா. இடமாற்றத்திற்கு முன் பொறுப்புக் கையளிப்புக்குப் போதிய கால அவகாசம் வேண்டும். திறமைக்கேற்ற பதவியுயர்வு வேண்டும். அனைத்திற்கும் மேலாக, ஆண்டுக்கணக்கில் அமைய அடிப்படையில் உழைக்கும் சுகாதாரத் தொழிலாளிக்கு நிரந்தர நியமனம் வேண்டும். வடிகாலை முதலில் அறிந்தவர் அவரே. அவரது அறிவைத் திறனென ஏற்காத ஆளணிக் கொள்கை, உள்ளூராட்சியை உழைக்கும் மக்களிடமிருந்தே அந்நியப்படுத்திவிடும்.