வேடு கட்டிய ஜாடிகள்

பெண்ணாடத்து வீடுகளின் உக்கிராண அறைகளில், பக்கத்து விருத்தாசலத்துச் சூளையில் வெந்துவந்த பீங்கான் ஜாடிகள் வாய்க்கு வேடு கட்டி வரிசையாக வீற்றிருக்க, எதில் மாவடு, எதில் நார்த்தங்காய் என்பதைத் திறந்து பாராமலே, கழுத்தில் தொங்கும் சீட்டைக்கொண்டு பாட்டிமார் சொல்லிவிடுவர். 2015இல் ஹாஷிகார்ப் நிறுவனம் வெளியிட்ட 'வால்ட்' என்ற மென்பொருளும், கடவுச்சொற்கள் முதலிய இரகசியங்களை 256 பிட் ஏஇஎஸ் குறியாக்க முறையில் பூட்டிய பிறகே சேமிப்புக் கிடங்கிடம் ஒப்படைக்கிறது. அக்கிடங்கு போஸ்ட்கிரெஸ் போன்ற பெயர்பெற்ற தரவுத்தளமாயினும் அதனிடம் வைக்கும் நம்பிக்கை பூஜ்யமே. திறக்கும் சாவியையோ, ஆதி ஷமீர் 1979இல் வகுத்த கணிதப்படி, வழக்கமாக ஐந்து பங்காக்கி, எந்த மூன்று கூடினாலும் திறக்கும்படி பிரித்து வைக்கிறார்கள்.

சரக்கைப் படிக்கவே இயலாத கிடங்கை எவ்விதம் செம்மைப்படுத்துவது? சீட்டுகளைக்கொண்டுதான்; இங்கே சீட்டு என்பது ஒவ்வொரு சரக்கும் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதை. தாய்ப்பாதை, பாதை, பெயர், பூட்டிய சரக்கு என நான்கு பத்திகள் உள்ள போஸ்ட்கிரெஸ் அட்டவணையில், 'இந்த எழுத்துகளில் தொடங்கும் பாதைகள் யாவை' என்ற வினா ஓயாமல் எழுகிறது. பத்தி ஏதேனும் ஒரு பாஷையின் அகராதிக் கிரமத்தில் அமைந்திருந்தால், சாதாரண 'இண்டெக்ஸ்' இவ்வினாவுக்கு உதவாது. வரிசை வரிசையாகத் துழாவ வேண்டியதுதான். ஆகவே பாதைகளை 'சி' என்னும் கிரமத்தில், அதாவது பாஷை இன்னதென்றே பாராமல் வெறும் பைட்டுகளின் எண்மதிப்பைக்கொண்டு, அடுக்கும்படி விதித்திருக்கிறார்கள்.

இக்கிரமத்தில் தமிழ் படும் பாட்டைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. யூனிகோடு எண்வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்தே நிற்பதால், நம் அகராதியில் 'மரம்' என்பதற்குப் பின்னால் வரவேண்டிய 'மனம்' இங்கே முந்திக்கொள்கிறது. பண்டிதர்கள் முகம் சுளிப்பார்கள்; நான் கிடங்கின் கட்சி. படிக்கவேண்டியவன் மனிதன், கிடங்குக்கு வேண்டியது கண்டெடுக்கும் வேகம் மாத்திரமே.

இன்னொரு குறையும் இருந்தது. ஒரே காரியத்துக்காகப் பல வரிசைகளை மாற்றும்போது நடுவில் மின்சாரம் போனால், பாதி மாவடு பழைய ஜாடியிலும் பாதி புதியதிலுமாக நின்றுவிடும். 2023 ஆகஸ்டில் வால்டின் உரிமம் மாற்றப்பட்டபின் அதிலிருந்து கிளைத்து, லினக்ஸ் பவுண்டேஷன் நிழலில் வளரும் 'ஓபன்பாவோ', முழுவதும் மாறும் அன்றேல் ஏதும் மாறாது என்னும் பரிவர்த்தனை விதியைச் சேமிப்பு அடுக்கிலேயே புகுத்தியது. அதுவரை பாதியில் நின்றதைத் துடைத்துச் சீராக்குவது மேலேயுள்ள நிரல்களின் தலைவலியாகவே இருந்துவந்தது.