மூர்க்கச் சேவலைக் கையாளும் முறை

மன்னார்த் தீவில் பேசாலை, தலைமன்னார் முதலிய கரையோர ஊர்களிலும், பெருநிலப் பகுதியில் முருங்கன், நானாட்டான் முதலிய இடங்களிலும் வீட்டு வளவில் ஊர்க்கோழி வளர்ப்போர் பலர். தீன் போடும்போதும் முட்டை எடுக்கும்போதும் சேவல் பாய்ந்து கொத்துவதாகவும், கால்முள்ளால் அடிப்பதாகவும் இவர்களிற் சிலர் முறையிடுவதுண்டு. வளர்ந்தோர்க்கு இது முழங்காலிற் சிறு காயத்துடன் முடியலாம். மூன்று நான்கு வயதுக் குழந்தையின் முகமோ சேவல் பாயும் உயரத்திலேயே இருக்கின்றது. கண்ணில் முள் பட்டால் பார்வையே போகக்கூடும். ஆகையால் இதனை வேடிக்கையாகக் கருதுதல் தகாது.

சேவலின் இக்குணம் அதன் காவற்றொழிலின் மறுபக்கமேயாகும். வீட்டுக்கோழி ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியின் வழிவந்தது. (இலங்கைக் காட்டுக்கோழி வேறோர் இனம்.) வானிற் பருந்தைக் கண்டால் ஒருவகைக் குரலும், தரையிற் கீரி போன்ற விலங்கைக் கண்டால் வேறொரு குரலும் எழுப்பிச் சேவல் தன் கூட்டத்தை எச்சரிக்கும். கருவாடு காயும் கரையிற் பருந்துக்கும் காகத்துக்கும் குறைவில்லை. அங்கே குஞ்சு வளர்ப்போர் நல்ல சேவலின் அருமையை அறிவர். ஆனால் ஐந்து முதல் ஏழு மாதப் பருவத்தில், ஆண்மை முதிரும் காலத்தில், சில சேவல்கள் மனிதரையும் போட்டிச் சேவலாக எண்ணத் தொடங்குகின்றன. ஒரு சிறகைத் தாழ்த்திப் பக்கவாட்டில் நடந்து வருதலும், கழுத்திறகைச் சிலிர்த்து உற்றுநோக்குதலும் பாய்ச்சலுக்கு முன் தோன்றும் அறிகுறிகள்.

இவ்வேளையில் உதைத்தலும் தடியால் அடித்தலும் பயன் தரா. அடித்தவரைத் தன் போட்டியாளராகவே சேவல் கொள்ளும். அஞ்சி ஓடினாலோ தான் வென்றதாகக் கொள்ளும். சுளகையோ வாளியையோ கால்களுக்கு முன்னே பிடித்து அசையாது நின்று, சேவல் தணிந்தபின், முதுகு காட்டாது மெதுவாக விலகுதல் வேண்டும். சேவல் பார்க்கப் பேடுகளைப் பிடித்தல் கூடாது. கோழிகளை வெளியே விட்டபின் முட்டை எடுக்கலாம். சிறுவரை இவ்வேலைக்கு அனுப்பவே கூடாது. கோழி மேயும் இடத்தை ஓலை வேலியாற் பிரித்துவிடுதல் நலம்.

கால்முள்ளின் நுனியை அரத்தால் மழுக்கலாம். இரவிற் கூட்டில் உறங்கும்போது சேவலைப் பிடித்தல் எளிது. முள்ளின் உள்ளே எலும்பும் இரத்தக் குழாயும் இருப்பதால் அடியோடு வெட்டுதல் கூடாது.

கோழிக்கூட்டத்தில் யார் யாரைக் கொத்துவது என்னும் ஒழுங்கு உண்டென்பதை நோர்வே நாட்டு ஆராய்ச்சியாளர் ஷெல்டெரப் எப்பே 1921ஆம் ஆண்டளவில் எடுத்துரைத்தார். சேவல்கள் மிகுந்தால் இவ்வொழுங்கு குலைந்து ஓயாத சண்டை உண்டாகும். பேடுகளின் முதுகும் புண்ணாகும். எட்டு முதற் பன்னிரண்டு பேடுகளுக்கு ஒரு சேவல் போதுமானது. உணவுக்கு முட்டை மட்டும் வேண்டுவோர்க்கு அதுவும் தேவையில்லை. சேவல் இல்லாவிடின் பேடு முட்டையிடாது என்னும் எண்ணம் பிழையானது.

சண்டைக் குணத்தைப் போற்றுதல் தமிழருக்குப் புதிதன்று. தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்திற் போர்ச் சேவல் ஒன்றுக்கு எடுத்த பழைய நடுகல்லே உள்ளது. எனினும் வீட்டு வளவுக்கு வேண்டியது வேறு. மூர்க்கம் ஓரளவு பரம்பரையாக வருவதாதலால், உடற்கட்டும் கொண்டையும் எவ்வளவு அழகாயிருப்பினும் மனிதரைத் தாக்கும் சேவலை இனப்பெருக்கத்துக்கு வைத்தல் கூடாது.

சேவல் அடித்த காயத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு நன்கு கழுவி, ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். கண்ணிற் பட்டிருந்தால் கைமருந்து எதுவும் இடாது உடனே ஆசுபத்திரிக்குச் செல்லுதல் அவசியம்.

சில வாரங்கள் இவ்வாறு கையாண்டும் குணம் மாறாத சேவலைக் குழந்தைகள் உள்ள வீட்டில் வைத்திராது இறைச்சிக்கு உபயோகித்தலே தக்கது. அதனை நீக்கிய பின்னும் சில நாட்களுக்குப் பேடுகள் கருக்கொண்ட முட்டைகளையே இடும். அவையும் அச்சேவலின் வித்தாதலால் உணவுக்கு எடுத்துக்கொண்டு, சாதுவான வேறு சேவலை விட்டு, மூன்று வாரங்கள் கழிந்தபின் கிடைக்கும் முட்டைகளை அடைவைக்கலாம்.