சார்புக் கீழ்விரி பட்டியல்கள்: ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு படிவத்தை மாற்றியமைத்தல்

இணையப் படிவம் ஒன்றின் முதல் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதற்கேற்ப அடுத்த பட்டியலில் உள்ளவை மாறினால், அந்த இரண்டாவது பட்டியலைச் சார்புக் கீழ்விரி பட்டியல் எனலாம். பேச்சு வழக்கில் எல்லோரும் டிராப்டவுன் என்றே சொல்கிறார்கள். மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் அம்மாவட்டத்தின் வட்டங்கள் மட்டும் வருவதும், பாடப்பிரிவைத் தேர்ந்தெடுத்ததும் அதற்குரிய பாடங்கள் மட்டும் வருவதும் நாம் அடிக்கடி காண்பவை. பக்கம் முழுவதும் மீண்டும் ஏற்றப்படாமலே இந்த மாற்றம் நிகழ்கிறது. உலாவிக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்தான் இதைச் செய்கிறது.

பட்டியலை மாற்றும் நிரலை ஒரு பாடவேளைக்குள் எழுதக் கற்றுவிடலாம். அதைப் பிழையின்றி மாற்றுவது வேறு வேலை. இந்த வேறுபாட்டை நான் ஒரு மாணவியைத் தவறாகக் கடிந்துகொண்ட பிறகுதான் உணர்ந்தேன். பணி ஓய்வுக்குப் பின் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விண்ணப்பங்கள் நிரப்ப உதவி வருகிறேன். உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு மாணவி சீர்காழி வட்டத்தைச் சேர்ந்தவள். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதில் குத்தாலம் என்று இருந்தது. "நான் சீர்காழிதான் சார் போட்டேன்" என்றாள். கவனக்குறைவு என்று சொல்லிவிட்டேன். பிறகு அதே படிவத்தை நானே நிரப்பிப் பார்த்தேன். மாவட்டம் மயிலாடுதுறை, வட்டம் சீர்காழி என்று தேர்ந்தெடுத்து, கை தவறி மாவட்டத்தைப் பெரம்பலூர் என மாற்றி, உடனே மயிலாடுதுறைக்குத் திருப்பினேன். வட்டப் பெட்டியில் குத்தாலம் நின்றது. அவள் சொன்னது உண்மைதான். பிழை நிரலில் இருந்தது.

ஏன் குத்தாலம்?

எச்டிஎம்எல் மொழியில் கீழ்விரி பட்டியலுக்கு செலக்ட் என்ற குறிச்சொல்லும், அதனுள் வரும் ஒவ்வொரு தெரிவுக்கும் ஆப்ஷன் என்ற குறிச்சொல்லும் பயன்படுகின்றன. ஒவ்வொரு தெரிவுக்கும் இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, திரையில் தெரியும் பெயர். மற்றொன்று, வழங்கிக்கு அனுப்பப்படும் மதிப்பு; இதற்கு வேல்யூ என்று பெயர். பெயரைத் தமிழில் காட்டிவிட்டு, மதிப்பாக ஒரு குறியீட்டு எண்ணை வைப்பதே நல்ல பழக்கம். உதகை, ஊட்டி, உதகமண்டலம் என்று ஓர் ஊரை மூன்று விதமாக எழுதுகிறோம்; எண் ஒன்றாகவே இருக்கும்.

ஒரு தெரிவை மட்டும் ஏற்கும் பட்டியலை வெறுமையாக்கிப் புதிய பெயர்களால் நிரப்பும்போது, எதைத் தேர்ந்தெடுப்பது என்று நிரல் சொல்லாவிட்டால் உலாவி முதல் தெரிவைத் தானாகவே எடுத்துக்கொள்ளும். மயிலாடுதுறை மாவட்டத்தின் நான்கு வட்டங்களை அகரவரிசையில் எழுதினால் குத்தாலம், சீர்காழி, தரங்கம்பாடி, மயிலாடுதுறை என்று வரும். முதலில் நிற்பது குத்தாலம். மாணவி மாவட்டத்தைத் திருத்தியதும் பட்டியல் புதிதாக நிரம்பியது; அவளுடைய பழைய தேர்வு போய்விட்டது. பெட்டி காலியாகத் தெரிந்திருந்தால் கவனித்திருப்பாள். ஏதோ ஓர் ஊர்ப்பெயர் அதில் இருந்ததால் கவனிக்கவில்லை.

இதற்கு மருந்து எளியது. புதிய பெயர்களைச் சேர்க்கும் முன், "வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும்" என்ற தெரிவை முதலாவதாகச் சேர்க்க வேண்டும். அதன் மதிப்பு வெறுமையாக இருக்க வேண்டும். பட்டியலுக்கு ரிக்வயர்டு என்ற பண்பும் தரப்பட்டிருந்தால், உண்மையான ஒரு வட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் வரை உலாவியே படிவத்தை அனுப்ப விடாது. இந்த ஒரு வரி இருந்திருந்தால் அந்த விண்ணப்பம் திரும்பி வந்திருக்காது.

நிரல் செய்யும் வேலை

ஜாவாஸ்கிரிப்ட்டை 1995-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் உருவாக்கினார். படிவங்களைச் சரிபார்ப்பது அதன் தொடக்ககாலப் பயன்களில் ஒன்று. 1996-இல் வந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் மூன்றாம் பதிப்பிலேயே புதிய ஆப்ஷன்களை நிரல் வழியாக உருவாக்கும் வசதி இருந்தது. ஆகவே இது பழைய கலைதான்.

முதலில் தரவு வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட்டில் மாறிகளின் பெயர்களைத் தமிழிலும் எழுதலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கீழே உள்ளதை உலாவி அப்படியே புரிந்துகொள்ளும்:

வட்டங்கள் = {
"அரியலூர்": ["அரியலூர்", "ஆண்டிமடம்", "உடையார்பாளையம்", "செந்துறை"],
"பெரம்பலூர்": ["ஆலத்தூர்", "குன்னம்", "பெரம்பலூர்", "வேப்பந்தட்டை"],
"மயிலாடுதுறை": ["குத்தாலம்", "சீர்காழி", "தரங்கம்பாடி", "மயிலாடுதுறை"]
};

முறையாக எழுதும்போது தொடக்கத்தில் கான்ஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்து மாறியை அறிவிக்க வேண்டும். இனி வட்டங்கள்["பெரம்பலூர்"] என்று கேட்டால் நான்கு பெயர்கள் கொண்ட அணி கிடைக்கும். எண்களை மதிப்பாக வைப்பதாக இருந்தால் ஒவ்வொரு பெயரோடும் அதன் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்; இங்கே எளிமைக்காக விட்டிருக்கிறேன்.

அடுத்தது நிகழ்வு. மாவட்டப் பட்டியலில் தேர்வு மாறும்போது சேஞ்ச் என்ற நிகழ்வு எழுகிறது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்படி ஒரு செயற்கூறை ஆட்ஈவென்ட்லிசனர் மூலம் இணைக்கிறோம். அந்தச் செயற்கூறு வட்டப் பட்டியலின் பழைய தெரிவுகளை நீக்கும். அதற்கு ஆப்ஷன்ஸ் தொகுப்பின் லெங்த் பண்பைப் பூச்சியமாக்கினால் போதும். பின்பு வெறுமையான முதல் தெரிவைச் சேர்த்து, அணியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் நியூ ஆப்ஷன் மூலம் ஒரு தெரிவை உருவாக்கிச் சேர்க்கும்.

தெரிவுகளை உருவாக்க இன்னர்எச்டிஎம்எல் பண்பில் சரத்தை ஒட்டி எழுதும் வழியைப் பல பாடக்குறிப்புகள் காட்டுகின்றன. வெளியிலிருந்து வரும் தரவுக்கு அதைப் பின்பற்றாதீர்கள். பெயருக்குள் யாரேனும் குறிச்சொல்லை ஒளித்து வைத்தால் உலாவி அதையும் பக்கத்தின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். நியூ ஆப்ஷன் பெயரை வெறும் எழுத்தாகவே நடத்துகிறது.

மாவட்டம், வட்டம், கிராமம் என மூன்று அடுக்குகள் இருந்தால் மாவட்டம் மாறும்போது வட்டத்தோடு கிராமப் பட்டியலும் வெறுமையாக வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காரணம், நிரல் ஒரு பட்டியலை மாற்றும்போது சேஞ்ச் நிகழ்வு தானாக எழுவதில்லை. பயனர் மாற்றினால்தான் எழும். ஆகவே வட்டப் பட்டியலுக்கு எழுதிய செயற்கூறு சும்மா இருந்துவிடும், கிராமப் பெட்டியில் பழைய ஊர் அப்படியே நிற்கும். கீழே உள்ள அடுக்குகளை வெறுமையாக்கும் பொறுப்பை மாவட்டத்தின் செயற்கூறிடமே கொடுத்துவிடுவது நல்லது.

தமிழ் அகரவரிசை

இந்தச் சிக்கல் ஆங்கிலப் பாடநூல்களில் இருக்காது, நமக்கு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டின் சார்ட் செயற்கூறு, எழுத்துகளை அவற்றின் யூனிகோடு எண் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோட்டில் ன என்னும் எழுத்து ந-வுக்கு அடுத்தும், ற என்னும் எழுத்து ர-வுக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி எழுத்துகள்.

அகரத்தோடு சேர்ந்த ககரத்தில் தொடங்கும் மாவட்டங்களை சார்ட் மட்டும் கொண்டு அடுக்கினால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வரும். நாம் பள்ளியில் கற்ற முறைப்படி கடலூர், கரூர், கள்ளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று வர வேண்டும். இரண்டாவது எழுத்தாக வரும் ர், ள், ன் ஆகியவற்றின் வரிசையே காரணம். நாற்பது பெயர்களுக்குள் தேடுகிறவருக்கு இது சிறு தொல்லைதான். ஒரு வட்டத்தின் கிராமங்கள் நூற்றைத் தொடும்போது, தன் ஊர் பட்டியலிலேயே இல்லை என்று அவர் நினைத்துவிடக்கூடும். ஒப்பிடுவதற்கு லோக்கேல்கம்பேர் செயற்கூறைப் பயன்படுத்தி, மொழிக் குறியீடாகத் தமிழைக் கொடுத்தால் வரிசை சரியாகிவிடும். தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் செய்துகாட்டினால் கணினிப் பாடமும் நெடுங்கணக்கும் ஒரே நேரத்தில் நடந்துவிடும்.

தரவை எங்கே வைப்பது?

மாவட்டங்களையும் வட்டங்களையும் நிரலுக்குள்ளேயே எழுதிவிடலாம். ஆனால் எல்லைகள் மாறுகின்றன. 2019-இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, திருப்பத்தூர், ராணிப்பேட்டை ஆகிய மாவட்டங்கள் தோன்றின. நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து 2020 டிசம்பரில் மயிலாடுதுறை 38-ஆவது மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. பெயர்களை நிரலுக்குள் புதைத்து வைத்தால், அத்தகைய ஒவ்வொரு மாற்றத்தின்போதும் யாராவது நினைவோடு வந்து திருத்த வேண்டும். தனிக் கோப்பில் வைத்தால் நிரலைத் தொடாமல் தரவை மட்டும் மாற்றலாம்.

கிராம அளவுக்குப் போனால் வேறு வழியே இல்லை. தமிழகத்தில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. அத்தனை பெயர்களையும் ஒவ்வொரு கைப்பேசிக்கும் அனுப்புவது வீண். தேர்ந்தெடுத்த வட்டத்தின் பெயர்களை மட்டும் ஃபெட்ச் செயற்கூறு மூலம் வழங்கியிடம் கேட்டுப் பெறலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. பயனர் முதலில் அரியலூரையும் உடனே பெரம்பலூரையும் தேர்ந்தெடுத்தால் இரண்டு கோரிக்கைகள் போகும். பெரம்பலூருக்கான பதில் முன்னால் வந்து, அரியலூரின் பதில் தாமதமாக வந்தால், பெரம்பலூர் மாவட்டத்தின் கீழ் அரியலூர் வட்டங்கள் உட்கார்ந்துகொள்ளும். சில உலாவிகளில் விசைப்பலகையின் அம்புக்குறியை ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் சேஞ்ச் நிகழ்வு எழுவதால் இது நினைப்பதைவிட எளிதாக நேரும். புதிய கோரிக்கை போகும்போது பழையதை அபார்ட்கன்ட்ரோலர் மூலம் கைவிட வேண்டும். பதில் வரும் வரை வட்டப் பெட்டியைச் செயலற்றதாக்கி, "ஏற்றப்படுகிறது" என்று காட்டுவதும் நல்லது. இணைப்பு அறுந்து பதில் வரவே இல்லையென்றால் மீண்டும் முயல ஒரு பொத்தான் தர வேண்டும்.

பக்க அமைப்பை மாற்றுதல்

பட்டியல் மட்டுமின்றிப் பக்கத்தின் பகுதிகளும் தேர்வுக்கேற்பத் தோன்றி மறையலாம். "மாற்றுத்திறனாளியா?" என்ற கேள்விக்கு ஆம் என்றால் சான்றிதழ் எண்ணுக்கான பகுதி தோன்றும், இல்லை என்றால் மறையும். மறைத்தல் என்பது கண்ணுக்கு மட்டுமே என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். ஒருவர் முதலில் ஆம் என்று சொல்லி எண்ணை எழுதிவிட்டு, பிறகு இல்லை என்று மாற்றினாலும், மறைந்த பெட்டியில் உள்ள எண் படிவத்தோடு சேர்ந்தே போகும். அந்தப் பெட்டி கட்டாயமானது எனக் குறிக்கப்பட்டு, வெறுமையாக மறைந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அனுப்பு பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடக்காது. நிரப்பப்படாத பெட்டியைச் சுட்டிக்காட்ட உலாவி முயலும், ஆனால் பெட்டிதான் கண்ணில் இல்லையே. பயனர் பத்து முறை அழுத்திவிட்டு இணைய மையத்தை நோக்கி நடப்பார்.

பகுதி முழுவதையும் ஃபீல்டுசெட் என்ற குறிச்சொல்லுக்குள் வைத்து, மறைக்கும்போது அதற்கு டிசேபிள்டு பண்பையும் கொடுத்தால் இரண்டு தொல்லைகளும் தீரும். செயலற்ற பெட்டிகள் அனுப்பப்படுவதில்லை, சரிபார்க்கப்படுவதுமில்லை.

புதிய பகுதி தோன்றும்போது கீழே உள்ளவை இறங்கும். விரல் பொத்தானுக்குப் போகும் நேரத்தில் பொத்தான் நகர்ந்தால் வேறெதையோ அழுத்திவிடுவோம். இவ்வகை அசைவை அளக்க கூகுள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது, 0.1 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது என்கிறது. பயனர் தொட்டவுடனே நிகழும் மாற்றத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. வழங்கியின் பதிலுக்காகக் காத்திருந்து தாமதமாக வரும் மாற்றமே தொல்லை. அப்படி வரக்கூடிய பகுதிக்கு முன்கூட்டியே குறைந்தபட்ச உயரம் ஒதுக்கி வைக்கலாம்.

பார்வையற்றோர் திரைவாசிப்பான் கொண்டு படிவத்தை நிரப்புகிறார்கள். வட்டப் பட்டியல் மாறியது அவர்களுக்குத் தெரியாது. ஏரியா-லைவ் பண்பு கொண்ட ஒரு சிறு பகுதியில் "4 வட்டங்கள் உள்ளன" என்று நிரல் எழுதினால் திரைவாசிப்பான் அதைப் படித்துச் சொல்லும்.

சோதித்துப் பார்த்தல்

உலாவியில் நடக்கும் எந்தச் சரிபார்ப்பையும் வழங்கி அப்படியே நம்பக்கூடாது. வந்த வட்டம் வந்த மாவட்டத்துக்கு உரியதுதானா என்று வழங்கியில் மீண்டும் பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அந்த நொடியே விண்ணப்பதாரரிடம் சொல்லிவிடலாம். மாதங்கள் கழித்துத் திருப்பி அனுப்பத் தேவையில்லை.

நீங்களே எழுதிய படிவத்தில் இதைச் செய்து பாருங்கள். மயிலாடுதுறை, சீர்காழி என்று தேர்ந்தெடுங்கள். மாவட்டத்தை அரியலூராக மாற்றி மீண்டும் மயிலாடுதுறைக்கு வாருங்கள். வட்டப் பெட்டி வெறுமையாக இருக்க வேண்டும். இப்போது சீர்காழியை மறுபடியும் தேர்ந்தெடுத்து அடுத்த பக்கத்துக்குப் போய், உலாவியின் பின்செல் பொத்தானை அழுத்துங்கள். சில வேளைகளில் உலாவி மாவட்டத்தை மட்டும் நினைவில் வைத்து மீட்டுத் தரும். நிரல் உருவாக்கிய வட்டங்கள் இருக்காது. பேஜ்ஷோ நிகழ்வின்போது வட்டப் பெட்டியைப் பாருங்கள். அதில் பெயர்கள் இல்லையென்றால் மட்டும் நிரப்பும் செயற்கூறை மறுபடியும் அழைத்தால் பட்டியல் திரும்பி வந்துவிடும்.