பூத்தும் காய்க்காத தாட்பூட் கொடி

ஜெயங்கொண்டம் பகுதியிலுள்ள நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்குகளைப் பார்வையிட, சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் நாம் போயிருந்தோம். அலுவல் முடிந்ததும் அங்கத்தினர் ஒருவர் நம்மைத் தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, தறிக்கொட்டகையின் முன்னே பந்தலில் படர்ந்திருந்த கொடியொன்றைக் காட்டினார். பந்தல் நிறைய வெள்ளையும் ஊதாவும் கலந்த அழகிய பூக்கள். “மூன்று வருஷமாய் இப்படித்தான் பூக்கிறது, ஐயா. ஒரு காய் கண்டதில்லை. வெட்டிவிட்டு அவரை போடச் சொல்கிறார்கள் வீட்டில்” என்றார். அக்கொடியிலிருந்து துண்டு வாங்கி நட்ட அண்டை வீட்டார் நால்வருக்கும் அதே கதிதான். கொடி நோயுற்றதும் அன்று, மண் கெட்டதும் அன்று. காரணம் வேறு. அதை அறிந்துகொண்டால் நம் பகுதியில் இக்கொடியை வளர்க்க விரும்பும் அங்கத்தினர்களுக்குப் பெரிதும் பிரயோஜனப்படும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

இரு வகைகள்

ஆங்கிலத்தில் பேஷன் புரூட் என்னும் இப்பழம் நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளில் தாட்பூட் பழம் எனப்படுகிறது. இலங்கைத் தமிழர் இதனைக் கொடித்தோடை என்பர். தென்னமெரிக்காவில் பிரேசில், பராகுவே நாடுகளே இதன் தாயகம். நம் வேலிகளில் தானாகப் படர்ந்து, பாசி போன்ற கூட்டுக்குள் சிறு மஞ்சள் பழம் தரும் சிறுபூனைக்காலியும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆகவே இக்கொடி நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று.

இதில் முக்கியமாக இரு வகைகள் உண்டு. ஊதா நிறப் பழம் தருவது குளிர்ந்த சீதோஷ்ணத்திற்குரியது. கடல் மட்டத்திற்கு 1,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைகளில் அது செழித்துக் காய்க்கும். தன் மகரந்தத்தாலேயே கருத்தரிக்கும். எனவே மலைவீடுகளில் ஒற்றைக் கொடி வைத்தாலும் பழம் கிடைத்துவிடுகிறது. மஞ்சள் பழம் தரும் வகையோ வெப்பம் தாங்கிச் சமவெளியிலும் வளரும், பழமும் பெரிது. ஆனால் பெரும்பாலும் அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. வேறொரு கொடியின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் பிஞ்சு பிடிக்கும்.

இவ்விரண்டையும் கலந்து குடகு நாட்டில் செட்டள்ளி தோட்டக்கலை ஆய்வு நிலையத்தார் ‘காவேரி’ என்னும் கலப்பின வகையை வெளியிட்டுள்ளனர். அதன் பழமும் ஊதா நிறமே. எனவே பழத்தின் நிறத்தை மட்டும் கண்டு நாற்றின் வகையை முடிவு செய்தலாகாது. விற்பவரிடம் வகையின் பெயரைத் தெளிவாகக் கேட்டறிதல் அவசியம்.

நம் பகுதிக்கு எது ஏற்றது?

பெரம்பலூர், அரியலூர்ச் சமவெளியில் கோடை வெயில் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். இவ்வெப்பத்தில் மலைநாட்டு ஊதா வகை இலை விட்டுப் படருமேயன்றி ஒழுங்காகப் பூக்காது. சுற்றுலா சென்ற இடத்தில் பழத்தைச் சுவைத்து, ஆசையோடு நாற்று வாங்கி வருவோர் ஏமாறுவது இதனால்தான். சமவெளி வீடுகளுக்கு மஞ்சள் வகையே தக்கது. பெரம்பலூர் மாவட்டத்தின் மேற்கெல்லையில் நிற்கும் பச்சைமலை, நீலகிரியைப் போலக் குளிர்ந்ததன்று. எனினும் சமவெளியைவிடத் தண்மையானது. அங்குள்ள விவசாய அங்கத்தினர்கள் காவேரி வகையில் இரண்டொரு கொடிகளைப் பரீட்சார்த்தமாக வைத்துப் பார்க்கலாம்.

நண்பகல் வேலை

நாம் கண்ட நெசவாளரின் கொடி மஞ்சள் வகை. அதிலிருந்து துண்டு வெட்டி நட்ட ஐந்து வீட்டுக் கொடிகளும் உண்மையில் ஒரே கொடியே. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றுக்கு உதவாது. ஐந்து பந்தல்களும் வெறுமையாய் நின்றதன் இரகசியம் இதுவே.

மஞ்சள் வகைப் பூ நண்பகலை ஒட்டி விரிந்து இரவுக்குள் மூடிவிடும். மறுநாள் அது மீண்டும் மலராது. மகரந்தத்தைக் கொண்டு சேர்க்க வல்லது, உலர்ந்த மரத்தையும் மூங்கிலையும் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு. சிறு தேனீக்கள் மகரந்தத்தை எடுத்துச் செல்லுமேயன்றி அதிகம் உதவுவதில்லை. வண்டு வராத இடத்தில் மனிதர்தாம் அப்பணியைச் செய்யவேண்டும்.

பூவின் நடுவே மகரந்தப் பைகள் ஐந்தும், அவற்றிற்கு மேல் சூல்முடிகள் மூன்றும் இருக்கும். பூ விரிந்த வேளையில் சூல்முடிகள் நிமிர்ந்து நின்று, சிறிது நேரத்தில் கீழ்நோக்கி வளையும். அவ்வாறு வளைந்தபின், வேறு கொடியின் பூவொன்றைக் கொய்து அதன் மகரந்தப் பைகளால் மூன்று முடிகளையும் மெல்லத் தடவினால் போதும். மழையில் நனைந்த மகரந்தம் கெட்டுவிடுமாதலால் மழையற்ற வேளையில் செய்க. பூக்கும் காலத்தில் நண்பகலில் பூச்சி மருந்து தெளித்தல் கூடாது. தறியை விட்டு மதிய உணவுக்கு எழும் வேளையே பூ விரியும் வேளையாதலின், நெசவாளர் இல்லங்களுக்கு இவ்வேலை பாரமன்று.

அந்த அங்கத்தினர், விதையிலிருந்து வளர்ந்த கொடி அடுத்த கிராமத்தில் இருப்பதை விசாரித்தறிந்து, நண்பகலில் சைக்கிளில் சென்று பூக்களை ஒரு சம்புடத்தில் கொண்டுவந்து தடவினார். தடவிய பூக்களில் பாதிக்குமேல் பிஞ்சு பிடித்தன. பந்தலை வெட்டச் சொன்ன அவர் மனைவியாரே இன்று நாள்தோறும் அவ்வேலையைச் செய்து வருகிறார்.

நடும் முறை

ஆடிப்பட்டம் நடவுக்கு ஏற்றது. பழத்தின் விதைகளைச் சதையுடன் மூன்று நாள் ஊறவைத்துக் கழுவி, புதிதாகவே விதைத்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். ஓர் அடி உயரம் வளர்ந்ததும் எடுத்து நடலாம். ஒன்றரை அடிக் குழியில் மக்கிய எருவும் சிறிது வேப்பம் புண்ணாக்கும் கலந்து நடுக. கரிசல் மண்ணில் நீர் தேங்கினால் தண்டின் அடி அழுகிவிடுமாகையால், மணல் கலந்து மேடாக்கி நடவேண்டும். வேர்முடிச்சு கண்ட கத்தரி, தக்காளிப் பாத்திகளைத் தவிர்க்க.

கொடிக்குக் கொடி 10 அடி இடைவெளியும் 6 அல்லது 7 அடி உயரப் பந்தலும் வேண்டும். பந்தலை எட்டும்வரை ஒற்றைத் தண்டாக ஏற்றி, பின்னர் இருபுறமும் கிளை விடச் செய்க. புதுத் தளிரிலேயே பூ வருமாதலால், காய்ப்பு ஓய்ந்தபின் கிளைகளைக் கவாத்து செய்தல் இன்றியமையாதது. வேர் ஆழமாகச் செல்லாது. கோடையில் மூடாக்கிட்டு அடிக்கடி நீர் விடவேண்டும்.

நட்ட 8 முதல் 12 மாதங்களில் காய்ப்புத் தொடங்கும். பூவிலிருந்து பழமாக இரண்டு முதல் மூன்று மாதங்கள் ஆகும். முதிர்ந்த பழம் தானே உதிரும். தோல் சிறிது சுருங்கினால் இனிப்பு மிகும். பழுக்காத காயை உண்ணலாகாது. நான்கைந்து ஆண்டுகளுக்குப்பின் புதுக் கொடி வைத்தல் நலம்.

சங்கம் செய்யக்கூடியது

இதற்கென நிலமெடுத்துக் கடன் வாங்கிப் பயிரிட நாம் யோசனை கூறமாட்டோம். நம் ஊர்ச் சந்தையில் இப்பழத்திற்கு நிலையான கிராக்கி ஏற்படவில்லை. வீட்டுத் தேவைக்கும் குழந்தைகளின் பானத்திற்கும் ஒரு பந்தல் போதும். எஞ்சியதை விற்றால் அது இலாபம்.

ஆனால் சங்கங்கள் செலவின்றிச் செய்யக்கூடிய உதவியொன்று உண்டு. அங்கத்தினர்கள் வெவ்வேறு இடங்களிலிருந்து பெற்ற பழங்களின் விதைகளைச் சேர்த்து நாற்று விட்டு, வீட்டுக்கு வீடு வெவ்வேறு நாற்றுகளாகப் பகிர்ந்தளிக்கலாம். ஒரே தெருவில் வேறுவேறு கொடிகள் இருந்தால் ஒரு வீட்டுப் பூ மறு வீட்டுக்குப் பழம் தரும். தனித்து நின்றால் பூவோடு நின்றுவிடும் இக்கொடி, அண்டை வீட்டின் துணையால் காய்க்கிறது. கூட்டுறவில் பழகிய நமக்கு இது புதிய பாடமன்று.