நஞ்சின் வழித்தடம் – 9: பத்துக் குப்பிக் கணக்கு

கேளம்பாக்கத்திலிருந்து கோவளம் போகும் சாலையில் உப்பளத்தையும் காயலையும் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே திரும்பினால் வடநெம்மேலி. முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். வாயில் துணி கட்டிய மண்பானைகள் வரிசையாக இருக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என நான்கு இனங்களும் அவற்றுக்குள் உண்டு.

பாம்புத் தோல் ஏற்றுமதி 1976-ல் தடைசெய்யப்பட்டதும் இருளர்களின் பிழைப்பு போயிற்று. பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகரின் துணையோடு 1978-ல் இந்தச் சங்கம் உருவானது. பிடித்த பாம்பிடம் மாற்று மருந்து செய்வதற்காகச் சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை நஞ்சு எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டில் விட்டுவிடுவார்கள். சங்கத்தின் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அதற்கு முன்பே, 2017-ல், மலைப்பாம்பு தேடித் தர அமெரிக்காவின் ஃபுளோரிடா அவர்களை அழைத்திருந்தது. வெளியூர்க்காரர்கள் நம்மை முந்திக்கொள்வது புதிதல்லவே!

பானையிலிருக்கும் அதே நஞ்சு உடம்புக்குள் இறங்கினால் எங்கே போகும்? எல்லா நஞ்சும் ஒரே வழியில் போவதில்லை. நல்ல பாம்பின் நரம்பு நஞ்சு மிகச் சிறிய புரதம். நுண்குழாய்களுக்குள் எளிதில் நுழைந்து ரத்தத்தோடு ஓடிவிடும். விரியன் நஞ்சில் இருக்கும் பெரிய நொதிகளால் அப்படி நுழைய முடியாது. அவை நிணநீரில் ஏறித்தான் ரத்தத்துக்கு வர வேண்டும். நிணநீரைத் தள்ள இதயம் போலத் தனிப் பம்பு கிடையாது, தசை அசையும்போதுதான் அது வேகமாக நகரும். கடிபட்டவர் ஓடினால், நஞ்சுக்கு அவரே வண்டி ஓட்டுகிறார் என்று அர்த்தம். எலும்பு முறிந்த காலைப் போலக் கட்டையோடு சேர்த்து அசையாமல் வைத்து, தூக்கிக்கொண்டு போக வேண்டும். கயிற்றால் இறுக்கிக் கட்டினால் சதை அழுகும். அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு மொத்தமாகப் பாயும்.

ரத்தத்துக்கு வந்த கண்ணாடி விரியன் நஞ்சு, உறையவைக்கும் காரணிகளைத் தூண்டித் தூண்டியே செலவழித்துத் தீர்த்துவிடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். காய்ந்த புதுக் கண்ணாடிக் குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் ஆடாமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார்கள். ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாய் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவியதும் கூடாது. இரண்டிலுமே நல்ல ரத்தம்கூட உறையாமல் நம்மை ஏமாற்றும்.

மாற்று மருந்தின் கணக்கு எனக்கு எப்போதும் வியப்பு. கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக 63 மில்லிகிராம் நஞ்சைச் செலுத்தும் என்பது இந்திய மருத்துவ வழிகாட்டியின் கணக்கு. 10 மில்லி குப்பி ஒன்று 6 மில்லிகிராமை முறிக்கும். அதனால்தான் முதலில் எட்டு முதல் பத்துக் குப்பி. காய்ச்சல் மருந்தை எடை பார்த்துக் கொடுக்கும் மருத்துவர், இங்கே நான்கு வயதுக் குழந்தைக்கும் நாற்பது வயதுக்காரருக்கும் ஒரே அளவைத்தான் ஏற்றுவார். கடித்த பாம்பு ஆளின் எடையைப் பார்த்தா நஞ்சை இறக்கியது?

ஏற்றி முடித்தாலும் ஆறு மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி குழாயைச் சாய்ப்பார்கள். தீர்ந்துபோன காரணிகளைப் புதிதாகச் செய்துகொள்ளக் கல்லீரலுக்கு அவ்வளவு அவகாசம் வேண்டும். அதற்கிடையே கடிவாயில் தேங்கிய நஞ்சு கசிந்துகொண்டே இருக்கலாம். மருந்து குறைந்த பிறகும் நஞ்சு வந்துகொண்டிருந்தால் ரத்தம் மறுபடி உறையாமல் போகும். தேறிவிட்டதாகத் தோன்றும் ஆளை உடனே வீட்டுக்கு அனுப்பாததற்குக் காரணம் இதுதான்.

நஞ்சு வெளியேறும் முக்கிய வாசல்களில் ஒன்று சிறுநீரகம். கண்ணாடி விரியன் நஞ்சு கெடுப்பதும் அந்த வாசலையே. வார்டில் மருத்துவர் கடிவாயைப் பார்த்த கையோடு, “ஒண்ணுக்குப் போனீங்களா? எவ்வளவு போச்சு, என்ன நிறம்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.