கடலுக்குள் கேட்கும் மேளம்

கடையத்திலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். நாகர்கோவிலில் மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது, வள்ளியூர் தாண்டியதும் வலப்பக்கம் வானத்தில் சிவப்பு விளக்குகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியதுபோலத் தெரிந்தனவாம். கண்டக்டரைக் கேட்டதற்கு, “அது நேவிக்காரங்க டவரு சார்” என்றாராம். கடலே கண்ணில் படாத பொட்டலில் கப்பற்படைக்கு என்ன வேலை, ரஃபேல், எஸ்-400 என்று வெளிநாட்டிலிருந்து வாங்குகிறார்களே, அந்த வகையறாவில் இதுவும் ஒன்றா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

ரஃபேல், எஸ்-400 போன்ற ஆயுத வகையறாவில் இது இல்லை. ஆனால் வாங்கியவற்றில் ஒரு பகுதி, இந்தக் கம்பம் இல்லாவிட்டால் கடலுக்கடியில் கிடக்கும் வெறும் இரும்புதான்.

ரஃபேல் எத்தனை, எஸ்-400 என்ன விலை என்பதெல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே கிடைக்கும். பேசப்படாதவை நீர்மூழ்கிகள். 1967இல் சோவியத் யூனியனிடம் வாங்கிய முதல் ‘கல்வரி’யில் தொடங்கியது இந்தக் கொள்முதல். 1986இல் மறுபடியும் சோவியத்திலிருந்து ‘சிந்துகோஷ்’, அதே ஆண்டு ஜெர்மனியிலிருந்து ‘சிசுமார்’. 1988இல் அணுசக்தியில் ஓடும் ‘சக்ரா’ மூன்று வருஷ வாடகைக்கு வந்தது. இன்னொரு ‘சக்ரா’ 2012இல் ரஷ்யாவிலிருந்து வந்து, 2021இல் திரும்பிப் போனது. பிரான்சுடன் 2005இல் போட்ட ஒப்பந்தப்படி ஆறு ஸ்கார்பீன் நீர்மூழ்கிகள் மும்பை மசகான் தளத்தில் கட்டப்பட்டன. ஆறாவதான ‘வாக்‌ஷீர்’ 2025 ஜனவரியில்தான் படையில் சேர்ந்தது. இவற்றோடு நம்மவர்களே கட்டிய அணுசக்தி நீர்மூழ்கி ‘அரிஹந்த்’ 2016இலும், ‘அரிகாத்’ 2024இலும் சேர்ந்தன.

இவ்வளவு பணத்தைத் தண்ணீருக்குள் போட்டு மூழ்கடிப்பானேன்? இந்தப் பத்தியை எழுதுகிறவரின் தாத்தாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ராமநதி அணைக்குக் கீழே, மலையடிவாரத்தில் அவருக்குக் கொஞ்சம் வாழையும் கடலையும் உண்டு. பன்றி இறங்கும் காலத்தில் வயல்காரர்கள் சேர்ந்து நாலைந்து பரண் கட்டுவார்கள். எல்லாப் பரணிலும் ஆள் இருக்காது. ஒன்றிரண்டில்தான் வெடியும் தகர டின்னுமாக ஆள் முழித்திருக்கும். எந்தப் பரணில் ஆள் என்று பன்றிக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம்தான் வயலைக் காத்தது. வெடி போட்ட ராத்திரிகள் கொஞ்சம்தான்.

ராணுவ மொழியில் ‘டிடரன்ஸ்’ என்பது இந்தச் சந்தேகத்தை எதிராளி மனதில் உண்டாக்குவது. விமானத்தளம் எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்த்துவிடலாம். நீர்மூழ்கியைப் பார்க்க முடியாது. அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று 2003இல் எழுத்தில் வைத்துக்கொண்ட நாட்டுக்கு இது இன்னும் முக்கியம்: முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க எங்கோ ஒன்று மிஞ்சியிருக்க வேண்டும்.

தாத்தாவின் பரணில் ஒரு விஷயம் சுலபம். கீழே இருந்து “ஏலேய்” என்று ஒரு சத்தம் கொடுத்தால் மேலே இருப்பவனுக்குக் கேட்டுவிடும். கடலுக்கடியில் இருக்கிறவனை எப்படிக் கூப்பிடுவது?

ஒலி தண்ணீருக்குள் நன்றாகவே போகும், திமிங்கிலங்கள் அப்படித்தான் பேசிக்கொள்கின்றன. ரேடியோ அலை போகாது. காரணம் உப்பு. உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும். கடத்தும் பொருளுக்குள் நுழைகிற ரேடியோ அலை, போகப் போகத் தன் சக்தியை அதனிடமே இழந்துவிடும். எஃப்.எம். அலை கடலுக்குள் ஓர் அங்குலம் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்காகிவிடும். திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைக்கு அதே கதி ஒரு சாண் ஆழத்தில். அதிர்வெண் குறையக் குறைய அலை ஆழமாக இறங்கும். 18 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்கிவிட்டால், அங்குலமும் சாணும் போய் ஓர் ஆள் உயரம் ஆகிறது.

கொடை சமயத்தில் பக்கத்து ஊர் சுடலைமாடன் கோயிலிலிருந்து நடுராத்திரி வரும் சத்தத்தைக் கவனித்தவர்களுக்கு இது புரியும். நாகஸ்வரம் வழியிலேயே கரைந்துபோகும். வில்லுப்பாட்டுக்காரர் என்ன பாடுகிறார் என்பதும் தெரியாது. தவிலும் பம்பையும் மட்டும் ‘தும்... தும்...’ என்று இரண்டு மைல் தாண்டிப் படுக்கை வரைக்கும் வந்து சேரும். ஒலி வேறு, ரேடியோ வேறு, காரணங்களும் வேறுதான். ஆனால் தூரம் போக வேண்டுமானால் கீழே இறங்கு என்ற விதி இரண்டுக்கும் பொது.

ஆசிரியர் பார்த்த விளக்குகள், அந்தக் கீழ்ச்சுருதியில் மேளம் அடிக்கிற இடம். விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பெயரில் ஐ.என்.எஸ். இருந்தாலும் மிதக்காது, கப்பற்படை தன் கரைநிலையங்களுக்கும் கப்பல்போலவே பெயர் வைக்கும். 1990 அக்டோபர் 20 அன்று தொடங்கப்பட்டது. கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. தேதியைத் தேர்ந்தெடுத்தவருக்கு வரலாறு ஞாபகம் இருந்ததோ, தற்செயலோ. 2014 ஜூலையில் இதே வளாகத்தில் புதிய மிகத்தாழ் அதிர்வெண் வசதி ஒன்றும் சேர்ந்தது.

இனி இந்தப் பத்திக்காரருக்குப் பிடித்த விசித்திரம். விஜயநாராயணத்தின் உயரமான கம்பம் 471 மீட்டர். தென்காசி கோயில் கோபுரத்தை எட்டு முறை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலும் அதை எட்டாது. இந்தியாவில் மனிதன் கட்டியவற்றில் மிக உயரமானது நம் நாங்குநேரிப் பக்கத்தில் இருக்கிறது, நம்மில் பலருக்கு அது தெரியாது. இதைவிட வேடிக்கை, அந்த உயரமும் போதாது என்பது! 18.2 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் பதினாறரை கிலோமீட்டர். அலையைச் சரியாக அனுப்ப, அதில் கால் பங்கு உயரத்துக்காவது கம்பம் வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் நாலு கிலோமீட்டருக்கு மேல். 1868 மீட்டர் உயரமுள்ள நம் அகத்தியர் மலையை இரண்டு முறை அடுக்கினாலும் பற்றாது.

மலையை அடுக்க முடியாதவர்கள் குடை விரிக்கிறார்கள். நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து, சுற்றியுள்ள குட்டைக் கம்பங்களுக்குக் கம்பிகளை இழுத்துக் கட்டி, குட்டையான ஏரியலை நெட்டையானதுபோல நடிக்க வைப்பது ஒரு பழைய தந்திரம். நடிப்புக்குக் கூலி உண்டு: மிகப் பெரிய மின்சக்தியைச் செலுத்தினால்தான் அதில் ஒரு பகுதி அலையாகக் கிளம்பும். இதற்குக் கடல் வேண்டாம், விரிந்த பொட்டல் போதும். மேற்கே அரபிக்கடலுக்கும் கிழக்கே வங்கக்கடலுக்கும் நடுவில், நாட்டின் தென்முனைக்கு அருகில் அந்தப் பொட்டல் கிடைத்தது. வேலிக்குள் ஆள் நடமாட்டம் குறைவு என்பதால் புள்ளிமான்கள் அங்கே சுகமாகப் பெருகியிருக்கின்றன.

கடலுக்கடியில் பத்து மீட்டர் ஆழத்தில், மேலே விழுந்த அலையில் இருநூறில் ஒரு பங்குதான் மிச்சம் இருக்கும். நீர்மூழ்கி ஒரு நீளமான கம்பியை வாலைப்போல மேலே மிதக்கவிட்டு, பெரிஸ்கோப்பை நீட்டாமல், அந்த மிச்சத்தைப் பிடித்துப் படிக்கிறது. வேகம்? இந்த வகை அலையில் நொடிக்கு இருநூறு முந்நூறு பிட் போனால் அதிகம். உங்கள் சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கப் படம் போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகிவிடும். அதனால் சங்கேதத்தில் சுருக்கிய சில எழுத்துகள்தான் போகும், தந்தி அடிப்பதுபோல.

அதிலும் ஒருவழித் தந்தி. நீர்மூழ்கியால் பதில் சொல்ல முடியாது. 471 மீட்டர் கம்பத்தைக் கடலுக்கடியில் எங்கே நடுவது? கேட்டதா, புரிந்ததா, ஆள் உயிரோடு இருக்கிறானா என்று கரைக்குத் தெரியாது. இருந்தும் நாள் தவறாமல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

உலகத்தில் இந்த வித்தை புதிதல்ல. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனி 1943இல் ‘கோலியாத்’ என்று ஒரு நிலையம் கட்டியது. போர் முடிந்ததும் சோவியத்காரர்கள் அதை ஆணி ஆணியாகக் கழற்றி எடுத்துப் போய்த் தங்கள் ஊரில் மறுபடி நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத்தில் உள்ள நிலையத்துக்கு ஹெரால்ட் ஹோல்ட் பெயர். 1967இல் கடலில் நீந்தப் போய்க் காணாமலே போன பிரதமர் அவர். கடலுக்குள் இருப்பவர்களைக் கூப்பிடும் இடத்துக்கு அவர் பெயரை வைத்தவர்களை என்ன சொல்வது! பாகிஸ்தான் 2016 நவம்பரில் கராச்சிக்கு அருகே ‘பி.என்.எஸ். ஹமீத்’ என்ற பெயரில் தன் நிலையத்தைத் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் சீனாவிடம் எட்டு நீர்மூழ்கிகளுக்குப் பேரம் முடித்திருந்தது. கப்பலோடு கம்பத்தையும் யோசித்திருக்கிறார்கள். எதிராளி என்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். சீனாவின் நீர்மூழ்கியோ 2014 செப்டம்பரில் கொழும்புத் துறைமுகத்திலேயே வந்து நின்றது, விஜயநாராயணத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லாத தொலைவில்.

இங்கே கொஞ்சம் வருத்தம். பளபளப்பானதை வாங்குவதில் உள்ள உற்சாகம், அதோடு சேர்ந்தவற்றில் நமக்கு இருப்பதில்லை. பத்திக்காரரின் ஊரில் ஒரு பக்கத்து வயல்காரர் கடன் வாங்கிப் பெரிய மோட்டார் இறக்கினார். மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்கள். கரண்ட் இணைப்பு வந்தது ஏழாவது வருஷம். அதற்குள் மோட்டார் அறையில் கோழி அடைகாத்தது. ஸ்கார்பீன் கதையும் ஏறக்குறைய இதுதான். 2017 டிசம்பரில் அந்த ஆறில் முதலாவதான புதிய ‘கல்வரி’ படையில் சேர்ந்தபோது, அதற்கென்று தேர்ந்தெடுத்த புதிய டார்பிடோ கையில் இல்லை. விற்க இருந்த இத்தாலிய நிறுவனத்தின் குழுமம் ஹெலிகாப்டர் பேர ஊழல் விவகாரத்தில் சிக்க, கொள்முதலே கைவிடப்பட்டது. பழைய ஜெர்மன் டார்பிடோக்களை வைத்து ஒப்பேற்றினார்கள். புதிய டார்பிடோவைப் பொருத்த 877 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பர் கடைசியில். ஊழலை விட்டுவிடச் சொல்லவில்லை. மாற்று ஏற்பாட்டுக்கு இத்தனை வருஷமா என்பதுதான் கேள்வி. வாடகைச் சக்ராவுக்கு வேறு குறை: அணு ஆயுதம் ஏற்றக் கூடாது என்பது நிபந்தனை. வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியுமா?

ரஃபேல் வந்திறங்கியபோது டிவியில் நாள் முழுக்க நேரலை ஓடியது. டார்பிடோ வராததற்கு யாரும் நேரலை போடவில்லை. எதிராளி மட்டும் இரண்டையும் குறித்துக்கொண்டிருப்பான். எந்தப் பரணில் ஆள் இல்லை, எந்தப் பரணில் வெடி இல்லை என்று பன்றிக்குத் தெரிந்துவிட்டால் பரண் வெறும் கம்புதான்.

ஆசிரியருக்கு இன்னொரு தகவல், வகுப்பில் பயன்படும். இந்தக் கம்பத்தின் சங்கேதத்தை வெளியாட்கள் படிக்க முடியாது. அலையின் பலத்தை யார் வேண்டுமானாலும் அளக்கலாம். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தன்று, கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தார் நாட்டில் பல இடங்களில் கருவி வைத்து, விஜயநாராயணத்திலிருந்து வரும் அலை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். அலை வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால், சூரியனில் நடப்பது அதில் தெரியும். மரச்சட்டத்தில் பல சுற்றுச் செம்புக்கம்பி, ஒரு சிறு ஆம்ப்ளிஃபையர், சவுண்டு கார்டு உள்ள பழைய கம்ப்யூட்டர், இவ்வளவுதான் சாமான். 18 கிலோஹெர்ட்ஸை சவுண்டு கார்டே பிடித்துவிடும்.

கடையத்தில் மட்டும் ஒரு சிக்கல். கம்பம் மிகப் பக்கம். அலை தரையோடு தரையாகவே பலமாக வந்துவிடும், வானத்தைத் தொட்டு வருவது அதில் அமுங்கிப்போகும். எனவே உங்கள் பிள்ளைகள் கருவியை 19.8 கிலோஹெர்ட்ஸுக்குத் திருப்ப வேண்டும். அது ஆஸ்திரேலியாவில் ஹெரால்ட் ஹோல்ட் பெயரில் உள்ள நிலையம். கட்டிப் பாருங்கள் சார், சூரியன் சீறுகிற ஒரு நாளில் அலையின் பலத்தைக் காட்டும் கோடு எகிறினால் அந்தத் தாளை எங்களுக்கு அனுப்புங்கள்.